நெட்வொர்க்கிங் பயிற்சி நிலையங்களைத் தேர்ச்சி விகிதத்தை வைத்து அளக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சென்ற வாரம் கோவையில் உள்ள கணினி நெட்வொர்க்கிங் பயிற்சி நிலையங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தேர்ச்சி விகிதம், கட்டணம், பயிற்சி நாட்கள் ஆகிய மூன்றை மட்டும் வைத்து நிலையங்களை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒழலப்பதியிலிருந்து ஒரு தென்னை விவசாயி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் இந்த ஆண்டுதான் பொறியியல் முடித்திருக்கிறாள். "மொதல்ல போட்டிருக்கிற எடத்துல ஒன்னே முக்கால் லட்சம் கேக்குறாங்க அம்மிணி. பத்து நாள்தானாமா, முடிச்சதும் சிசிஐஇ எழுதிரலாமாமா. நகைய வெச்சாவது கட்டிரலாமுங்களா?" என்று கேட்டார்.

நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வசிப்பவள். கோவையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை செய்கிறேன். சிசிஐஇ சான்றிதழ் பெற்றவள். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணல் நடத்துவதும் என் பொறுப்புதான். கட்ட வேண்டாம் என்று அவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கட்டுரையை நம்பி இன்னும் எத்தனை வீடுகளில் இதே கணக்குப் போடுகிறார்களோ என்ற கவலை போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் இது என்ன தேர்வு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் 1993 முதல் நடத்திவரும் உயர்நிலைத் தேர்வு சிசிஐஇ. முதலில் கணினி மையத்தில் இரண்டு மணி நேரத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அதன் கட்டணம் 400 டாலர். அதன்பிறகு எட்டு மணி நேர லேப் தேர்வு, அதாவது செய்முறைத் தேர்வு. அதற்குக் கட்டணம் 1,600 டாலருக்குக் குறையாது, நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இந்தியாவில் அதற்கான நிரந்தர மையம் பெங்களூரில் இருக்கிறது. தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தேர்வு எழுத முன்தகுதி என்று எதையும் சிஸ்கோ கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஐந்து முதல் ஏழு ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் இந்தத் தேர்வை அமைத்திருக்கிறது, அதைத் தன் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறது. முன்தகுதி கட்டாயமில்லை என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டுதான் கல்லூரி முடித்த பிள்ளைகளிடம் "நேரடி சிசிஐஇ" என்று விற்கிறார்கள்.

பத்து நாள் தீவிரப் பயிற்சியே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. வேலையில் பல வருடம் இருந்து, ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ வீட்டில் தானே படித்து, தேர்வுத் தேதியும் குறித்துவிட்டவருக்கு அது பெரிய உதவி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு வரை வேறு நினைப்பே இல்லாமல், தெரிந்ததை எல்லாம் கோத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு. எங்கே இடறுகிறோம் என்பதை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று சுட்டிக்காட்டுவார். அது கடைசிக் கட்டத்துக்கான பயிற்சி. அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ளும் இடம் அது இல்லை.

ஆகவே ஒரு நிலையம் நல்லதா என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, அங்கே சேர வருபவரைச் சோதித்துப் பார்க்கிறார்களா, யாரையாவது திருப்பி அனுப்புகிறார்களா என்றுதான். நுழைவுக்கு ஒரு சின்ன லேப் கொடுத்து, அதை முடிக்க முடியாதவரிடம் "நீங்க ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி முன்பணத்தை வாங்க மறுக்கும் நிலையத்தை நான் நம்புவேன். பணம் கட்டினால் போதும், யாரும் சேரலாம் என்றால் பேட்ச் முழுவதும் ஆளுக்கொரு நிலையில் இருப்பார்கள். பயிற்றுநர் கடைசியில் இருப்பவருக்காக நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும், இல்லையென்றால் அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் பாதிப் பேருடைய பணம் வீண்தான்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமான விஷயம். அங்கே மாணவர் கையால் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்? பயிற்றுநர் ப்ரொஜெக்டரில் கட்டளைகளை அடித்துக் காட்ட, பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே அடிப்பதற்குப் பெயர் லேப் அல்ல. நல்ல பயிற்றுநர் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் யாருக்கும் சொல்லாமல் எதையாவது கெடுத்து வைப்பார். உதாரணத்துக்கு, நெட்வொர்க்குகளை இணைக்கும் ரவுட்டர்கள் இரண்டுக்கு நடுவில் ஒரு பக்கம் மட்டும் எம்டியு அளவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தகவல் பாக்கெட்டின் உச்ச அளவை, குறைத்து விடுவார். மறுமுனை எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் போகும். கேபிள் சரியாக இருக்கும். ஐபி முகவரியும் சரியாக இருக்கும். ஆனால் ரவுட்டர்கள் பாதை விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறையில், அவற்றின் உறவு மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையிலேயே நின்றுவிடும். மாணவர் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வார். பயிற்றுநர் விடையைச் சொல்லமாட்டார். "இப்ப எந்த நிலையில நிக்குது? அந்த நிலையில ரெண்டு பேரும் எதைப் பரிமாறிக்கணும்? அந்த பாக்கெட் ஏன் ஏத்துக்கப்படல?" என்று கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பணம் கட்டுகிறோம். ஓஎஸ்பிஎஃப்பின் நிலைகளை ஒப்பிக்க இணையத்தில் இலவச வீடியோ போதும்.

நேர்காணலில் இந்த வித்தியாசம் அப்படியே தெரிகிறது. சென்ற ஆண்டு ஒரு பையன் வந்தான். தன் விவரக்குறிப்பில் பெரிய பயிற்சி நிலையம் ஒன்றின் பெயரையும், அடுத்தடுத்து வாங்கிய சான்றிதழ்களையும் வரிசையாகப் போட்டிருந்தான். ஓஎஸ்பிஎஃப் நிலைகள் என்னென்ன என்று கேட்டேன், ஒன்றுவிடாமல் சொன்னான். சரி, எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பாய் என்றேன். பதில் இல்லை. பெரிய நெட்வொர்க்குகள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் பிஜிபியில் ரூட் வந்திருக்கிறது, ஆனால் ரவுட்டர் அதைப் பயன்படுத்தவில்லை, ஏன் என்று அடுத்துக் கேட்டேன். நெக்ஸ்ட் ஹாப், அதாவது அந்தப் பாதையில் அடுத்து அனுப்ப வேண்டிய முகவரி, எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பையன் மந்தமானவன் அல்ல. அவனை ஒருமுறைகூட யாரும் கெட்டுப்போன நெட்வொர்க்கின் முன்னால் உட்கார வைக்கவில்லை, அவ்வளவுதான். அவனைத் திருப்பி அனுப்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதே மாதம் சாதாரணக் கலைக்கல்லூரியில் படித்த ஒரு பெண் வந்தாள். வீட்டில் கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழக உதவும் பேக்கெட் ட்ரேசர், இவிஇ-என்ஜி என்ற மென்பொருள்களை வைத்துத் தானாக நெட்வொர்க் கட்டி, தானே கெடுத்து, தானே சரிசெய்து பழகியவள். அவளிடம் சிஸ்கோவின் தொடக்கநிலைச் சான்றிதழான சிசிஎன்ஏ மட்டும்தான் இருந்தது. அவளை எடுத்தோம்.

இப்போது தேர்ச்சி விகிதத்துக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையில் இரண்டு நிலையங்களுக்கு 95 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தீர்கள். சிசிஐஇ லேப் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதை சிஸ்கோ வெளியிடுவதே இல்லை. அந்த எண்ணைத் தந்தது அந்தந்த நிலையம்தான். சேர்ந்தவர்களில் அத்தனை பேரா, தேர்வு எழுதியவர்களிலா, எழுதிவிட்டு நிலையத்துக்குத் தகவல் சொன்னவர்களிலா? முதல் முறையிலேயே தேறியவர்களா, இல்லை எத்தனையாவது முறையில் தேறினாலும் கணக்கில் சேருமா? சிசிஎன்ஏ தேறியவர்களையும் அதே கணக்கில் கூட்டியிருக்கிறார்களா? தோற்றுப்போனவர் பெரும்பாலும் நிலையத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லமாட்டார். இதையெல்லாம் விசாரிக்காமல் அச்சிட்டால் விளம்பரத்தை நீங்களே செய்தியாக்கித் தந்தது போலாகிவிடும்.

அந்த விகிதத்துக்குப் பின்னால் இன்னொன்று இருக்கலாம். அதைச் சொல்லாமல் விட முடியாது. லேப் தேர்வில் வந்த வினாக்களையும் வரைபடங்களையும் வெளியே கடத்தி, விடையோடு ஒர்க்புக்காக விற்கிறவர்கள் உண்டு. டம்ப் என்பார்கள். சில நிலையங்களில் பத்து நாளும் அதைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். தேர்வுக்கு உட்காரும் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார். அதை மீறினால் சான்றிதழைப் பறித்து, மறுபடி எழுத முடியாதபடி தடை விதிக்கும் அதிகாரம் சிஸ்கோவுக்கு உண்டு. தடை விழுவது மாணவர் பெயரில்தான், நிலையத்தின் பெயரில் அல்ல. "எங்க மெட்டீரியல்ல இருந்து அப்படியே வரும்" என்று ஒரு நிலையம் சொன்னால், பெற்றோர் அந்த இடத்திலிருந்தே எழுந்து வந்துவிட வேண்டும்.

"பாஸ் கேரண்டி" என்ற வார்த்தையும் அப்படித்தான். தோற்றால் என்ன திரும்பத் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த பேட்சில் இலவசமாக உட்காரலாம், அவ்வளவுதான். தேர்வுக் கட்டணம் சிஸ்கோவுக்குப் போவது, அது திரும்பி வராது. சொல்லும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா சேராததா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு அதுவே முப்பதாயிரத்துக்கு மேல் வரும்.

பாடத்திட்டம் பழையதா புதியதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ தன் சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றை மாற்றியமைத்தது. அதுவரை ரூட்டிங் அண்ட் ஸ்விட்சிங் என்று இருந்த சிசிஐஇ பிரிவு அன்றோடு முடிந்து, என்டர்ப்ரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்று ஆனது. பெயர் மட்டும் மாறவில்லை. எஸ்டி-வான், எஸ்டி-ஆக்சஸ் போன்ற மென்பொருள்வழி நெட்வொர்க்குக்குக் கால் பங்கு மதிப்பெண் வந்தது. பைத்தான், நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப் என்று, கருவிகளை நிரல் மூலம் இயக்கும் ஆட்டோமேஷனுக்குத் தனியாக 15 சதவீதம் ஒதுக்கினார்கள். இத்தனை வருடம் கழித்தும் காந்திபுரத்தில் சில நோட்டீசுகளில் ரூட்டிங் அண்ட் ஸ்விட்சிங் என்றே அச்சடித்திருக்கிறார்கள். அங்கே எந்தக் காலத்து ஒர்க்புக் ஓடுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எஸ்டி-வான் நெட்வொர்க்கை ஆளும் கன்ட்ரோலர் மென்பொருள்களை எல்லாம் சாதாரண வீட்டு லேப்டாப்பில் ஓட்ட முடியாது. அவ்வளவு மெமரி கேட்கும். நிலையத்துக்குக் கட்டணம் கொடுப்பதற்கு நியாயமான காரணங்களில் இது ஒன்று. பெரிய சர்வர் வாங்கி வைத்து, ஒவ்வொரு மாணவருக்கும் தனி ரேக், அதாவது பழகுவதற்கான கருவித் தொகுப்பு, கொடுக்க அவர்களுக்கு உண்மையிலேயே செலவு ஆகிறது. அதனால் ரேக் ஆளுக்கு ஒன்றா, இல்லை நாலு பேருக்கு ஒன்றா? வகுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து இணைத்துக்கொள்ளலாமா, எத்தனை வாரத்துக்கு? இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. பத்து நாள் வகுப்பைவிட அதற்கப்புறம் கிடைக்கும் இரண்டு மாத ரேக் நேரம் சிலருக்கு அதிகம் பயன்படும்.

இனி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று உள்ள ஒரு சிக்கல். எட்டு மணி நேர லேப் தேர்வு இரண்டு பகுதிகளாக நடக்கிறது. முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புப் பகுதி. அதில் ரவுட்டரைத் தொடவே முடியாது. ஒரு கற்பனை நிறுவனத்தின் மின்னஞ்சல்கள், ஆவணங்கள், வரைபடங்கள் எல்லாம் திரையில் வரும். அவற்றைப் படித்து, அந்த நிறுவனத்துக்கு எது தேவை, எது கூடாது என்று புரிந்துகொண்டு விடை சொல்ல வேண்டும். முடித்த வினாவுக்குத் திரும்பிப் போக முடியாது. அதன்பிறகுதான் ஐந்து மணி நேரம் கருவிகளோடு வேலை. இரண்டு பகுதிகளிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டும். ஒன்றில் அதற்குக் கீழே போனால் மற்றதில் சேர்ந்த மதிப்பெண் தூக்கிவிடாது.

பாலக்காடு மாவட்டத்தின் எங்கள் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம், பள்ளிப்படிப்பைத் தமிழ் வழியில் முடித்த பிள்ளைகள் நிறைய. கணக்கில் கெட்டிக்காரர்கள். கட்டளைகளைப் பிசகாமல் அடிப்பார்கள். ஆனால் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆங்கில ஆவணம் படித்து, அதில் மறைத்து வைத்திருக்கும் ஒரு வரியைப் பிடிப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. இதற்குப் பயிற்சி தரும் நிலையத்தை நான் அரிதாகவே பார்க்கிறேன். பெரும்பாலான இடங்களில் கட்டளை, கட்டளை, கட்டளைதான். தினமும் ஒரு மணி நேரம் பயிற்றுநரோடு உட்கார்ந்து இப்படி ஒரு ஆவணத்தைப் படித்து, வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்று தமிழிலோ மலையாளத்திலோ தங்கள் வார்த்தையில் சொல்ல வைத்தாலே பாதிப் பயம் போய்விடும். பயிற்றுநருக்குத் தமிழ் தெரியுமா, சந்தேகத்தைத் தமிழில் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாரா என்பதும் எங்கள் பிள்ளைகளுக்கு முக்கியமான தகுதி. மாதிரி வகுப்புக்கு வந்து பேசுகிறவர்தான் பத்து நாளும் எடுப்பாரா என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது. அவர் சிசிஐஇ என்று சொன்னால் அதைச் சரிபார்க்க சிஸ்கோவின் இணையதளத்தில் வசதி இருக்கிறது. உண்மையானவர் தன் விவரத்தைக் கொடுக்கத் தயங்கமாட்டார்.

அப்புறம் பஸ். சிரிக்க வேண்டாம், இதுவும் பயிற்சியைக் கெடுக்கும். தீவிரப் பயிற்சி என்றால் இரவு ஒன்பது, பத்து மணி வரை போகும். உக்கடத்திலிருந்து வேலந்தாவளம் வழியாக எங்கள் ஊருக்கு அந்த நேரத்தில் வண்டி பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது இந்தத் தடத்தில் போகிறவர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து தினம் போய்வரும் பெண்பிள்ளைகள் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். சந்தேகம் தீர்க்கும் நேரமே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். தங்கும் இடத்தின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் பணத்தைக் கட்டக் கூடாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு திறன் பயிற்சிக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளக் கல்லூரிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். அதனால் தனியார் நிலையத்தின் வாசலில் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் இன்னும் அதிகம். அவர்களுக்கு யாராவது நேர்மையாக வழி சொல்ல வேண்டும்.

ஒழலப்பதிப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் தொடக்கப் படிப்புகளும் பேக்கெட் ட்ரேசரும் இலவசம். அதில் ஆறு மாதம் உட்காரு. பிறகு 300 டாலர் கட்டி சிசிஎன்ஏ எழுது. சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிப்டிலாவது சேர். நிஜமான நெட்வொர்க் நள்ளிரவில் கெட்டுப்போவதையும் யாரோ அதைச் சரிசெய்வதையும் பக்கத்தில் இருந்து பார். நாலைந்து வருடம் கழித்து சிசிஐஇ வேண்டும் என்று தோன்றினால் அப்போது தீவிரப் பயிற்சிக்குப் போ, அந்தப் பணத்தை உன் சம்பளத்திலேயே கட்டலாம். அவள் அப்பா நகையை அடகு வைக்கவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது தேர்ச்சி விகிதத்தை எடுத்துவிடுங்கள். சேர்க்கைக்கு முன் சோதிக்கிறீர்களா, ஒரு நாளில் மாணவர் தன் கையால் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார், ரேக் ஆளுக்கு ஒன்றா, வடிவமைப்புப் பகுதிக்குத் தனிப் பயிற்சி உண்டா, வகுப்பெடுப்பவர் யார், தோற்றால் எதைத் திருப்பித் தருவீர்கள் என்று ஒவ்வொரு நிலையத்தையும் எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் தராத நிலையத்தின் பெயருக்கு நேரே பதில் தரவில்லை என்று போடுங்கள். கேள்விகளை இன்னும் விரிவாகத் தயாரிக்க உதவி தேவைப்பட்டால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.